மேடை இல்லாவிட்டால் சுவிசேஷம் நின்றுவிடுமா? போதகர்களுக்கும் மூப்பர்களுக்கும் ஒரு திறந்த மடல்

கர்த்தருக்குள் அன்பான போதகர்களுக்கும் மூப்பர்களுக்கும் ஸ்தோத்திரம்.

நம் ஜெபக்கூட்டங்களில் இப்போது அதிகம் ஏறெடுக்கப்படும் விண்ணப்பம் பாதுகாப்புக்கானது. எதிர்ப்புகள் நீங்க வேண்டும், அடைபட்ட வாசல்கள் திறக்க வேண்டும், ஊழியர்களை யாரும் தொடக் கூடாது என்று கண்ணீரோடு கேட்கிறோம். கேட்பதில் தப்பில்லை. ஆனால் அப்போஸ்தலர் நடபடிகள் 4ஆம் அதிகாரத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு நம் ஜெபத்தை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பேதுருவும் யோவானும் ஒரு இரவு காவலில் கிடந்து, ஆலோசனைச் சங்கத்தாரின் மிரட்டலையும் வாங்கிக்கொண்டு, தங்களைச் சேர்ந்தவர்களிடம் திரும்பி வருகிறார்கள். எல்லாரும் ஒருமனப்பட்டு ஜெபிக்கிறார்கள். மிரட்டியவர்கள் ஒழிய வேண்டும் என்று அந்த ஜெபத்தில் இல்லை. மிரட்டல் நிற்க வேண்டும் என்றுகூட இல்லை. "அவர்கள் பயமுறுத்தல்களைத் தேவரீர் கவனித்து" என்று அதை ஆண்டவர் கையில் கொடுத்துவிட்டு, வசனத்தை "முழு தைரியத்தோடும்" சொல்லத் தங்களுக்கு உதவி செய்யும்படி கேட்கிறார்கள்.

நான் பிரசங்கி அல்ல. ஆராதனையில் உங்கள் எதிரே உட்கார்ந்திருக்கும் விசுவாசிகளில் ஒருவன். அந்த இடத்திலிருந்து பார்க்கும்போது தெரிகிற ஒன்றை மரியாதையோடு, ஆனால் மழுப்பாமல் எழுதுகிறேன். சுவிசேஷம் சொல்லும் வேலை எங்கள் கையைவிட்டுப் போய் மேடைக்குப் போய்விட்டது. நாங்கள் ஆட்களை அழைத்து வருகிறோம், நாற்காலி போடுகிறோம், கைப்பிரதி கொடுக்கிறோம், காணிக்கை தருகிறோம், பேசுவது நீங்கள். எதிர்ப்பு வந்து கூட்டம் ரத்தானால் சுவிசேஷமே ரத்தானதுபோல் எல்லாரும் இடிந்துபோகிறோம். அனுமதி மறுக்கப்பட்டது மேடைக்கு. எங்களில் யாருடைய வாயையும் யாரும் கட்டவில்லை. அது முன்பே கட்டிக் கிடந்தது.

ஸ்தேவான் கல்லெறிந்து கொல்லப்பட்ட நாளில் எருசலேம் சபைக்குப் பெரிய துன்பம் உண்டாயிற்று என்று 8ஆம் அதிகாரம் தொடங்குகிறது. அங்கே அந்தப் புத்தகத்தை எழுதிய லூக்கா ஒரு சின்ன விவரத்தைச் சொல்லிவிட்டுப் போகிறார்: அப்போஸ்தலர் தவிர மற்ற எல்லாரும் சிதறிப்போனார்கள். அப்படியானால் "சிதறிப்போனவர்கள் எங்குந்திரிந்து, சுவிசேஷ வசனத்தைப் பிரசங்கித்தார்கள்" என்பது அப்போஸ்தலரைப் பற்றிய வசனமே அல்ல. வீடு வாசலை விட்டு ஓடின சாதாரண ஜனங்களைப் பற்றியது. 11ஆம் அதிகாரத்தில் மறுபடியும் அவர்கள்தான் வருகிறார்கள். சீப்புரு தீவாரும் சிரேனே பட்டணத்தாருமான சிலர் அந்தியோகியாவுக்கு வந்து, அதுவரை யூதருக்கு மட்டும் சொல்லப்பட்டுவந்த வசனத்தைக் கிரேக்கருக்கும் சொல்கிறார்கள். அநேகர் விசுவாசிக்கிறார்கள். சீஷர்களுக்குக் கிறிஸ்தவர்கள் என்று முதல்முதல் பேர் வழங்கினது அந்தப் பட்டணத்தில்தான். பவுலையும் பர்னபாவையும் ஊழியத்துக்கு அனுப்பிவைத்ததும் அந்தச் சபைதான். அதைத் தொடங்கிவைத்தவர்களின் பெயரை லூக்கா எழுதவே இல்லை. எருசலேம் சபை பர்னபாவை அனுப்பியதும் வேலை நடந்தேறிய பிறகுதான். வந்தவர் இவர்களை விசாரணைக்குக் கூப்பிடவில்லை. "உங்களுக்கு யார் அனுமதி கொடுத்தது" என்றும் கேட்கவில்லை. தேவனுடைய கிருபையைக் கண்டு சந்தோஷப்பட்டார் என்றுதான் இருக்கிறது. (இந்த இடத்தில் நம் சபைகளில் என்ன நடந்திருக்கும் என்பதை உங்கள் யோசனைக்கே விட்டுவிடுகிறேன்.)

வேதத்துக்கு வெளியேயும் இதற்குச் சாட்சி உண்டு, அதுவும் எதிர்த்தரப்பிலிருந்து. கி.பி. 112 வாக்கில் பித்தினியா, பொந்து பகுதியின் ஆளுநராக இருந்த பிளினி, இந்தக் கிறிஸ்தவர்களை என்ன செய்வது என்று கேட்டு ரோமப் பேரரசர் திராயானுக்குக் கடிதம் எழுதினார். பட்டணங்களில் மட்டுமல்ல, கிராமங்களிலும் நாட்டுப்புறங்களிலும் இது பரவிவிட்டது என்பது அவர் முறையீடு. நீ கிறிஸ்தவனா என்று மூன்று தடவை கேட்பேன், பிடிவாதமாக இருந்தால் தண்டனை என்கிறார். உண்மையைக் கறக்க அவர் சித்திரவதை செய்தது சபையில் ஊழியம் செய்த இரண்டு அடிமைப் பெண்களை. கடிதம் முழுவதிலும் பெயர்பெற்ற பிரசங்கி ஒருவர்கூட இல்லை. மேடை போட்டுக் கூட்டம் நடத்தியதாகவும் இல்லை. பொழுது விடியுமுன் கூடி, கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாவித்துப் பாடினார்கள், திருடுவதில்லை, விபசாரம் செய்வதில்லை, சொன்ன சொல் தவறுவதில்லை என்று உறுதி எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் அவர் கண்டுபிடித்த குற்றம்.

பேதுரு தம் முதல் நிருபத்தை எழுதியதும் அதே பொந்து, பித்தினியா தேசங்களில் சிதறியிருந்தவர்களுக்கு என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். "உங்களிலிருக்கிற நம்பிக்கையைக்குறித்து உங்களிடத்தில் விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவுசொல்ல எப்பொழுதும் ஆயத்தமாயிருங்கள்" என்பது வேதாகமக் கல்லூரி மாணவர்களுக்கு எழுதப்பட்டதல்ல. கடுகடுப்பான எஜமானின் கீழ் வேலை செய்த அடிமைகளுக்கும், விசுவாசியாத கணவனோடு வாழ்ந்த மனைவிகளுக்கும் எழுதப்பட்டது. அவர்களால் எழுந்துபோய் மேடை ஏற முடியாது. இருந்த இடத்திலேயே கேள்வி வரும், இருந்த இடத்திலேயே பதில் சொல்ல வேண்டும்.

தைரியம் என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பதிலும் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. குரலை உயர்த்துவதைத் தைரியம் என்கிறோம். பிறர் கும்பிடுவதைக் கிண்டல் செய்தால் அதற்குக் கைதட்டல் கிடைக்கிறது. கேட்க விரும்பாதவர் வீட்டு வாசலில் கேமராவோடு நின்று, அவர் கோபப்படுவதைப் பதிவு செய்து, "எதிர்ப்பின் மத்தியில் ஊழியம்" என்று தலைப்பிட்டு வெளியிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மூப்பர்களே, அதைக் கண்டிக்க வேண்டிய நீங்கள் பகிர்கிறீர்கள்.

எபேசுவில் பவுல் செய்ததைப் பாருங்கள். தியானாள் என்ற தேவியின் கோவிலால் உலகப்புகழ் பெற்ற பட்டணம் அது. திறன்னு என்பவனுடைய வித்தியாசாலையில் இரண்டு வருஷம் தினமும் பேசினார். ரோம மாகாணமான ஆசியாவில் குடியிருந்த யூதரும் கிரேக்கருமான எல்லாரும் வசனத்தைக் கேட்டார்கள் என்கிறார் லூக்கா. கைகளினால் செய்யப்பட்டவை தேவர்கள் அல்ல என்று பவுல் சொன்னதை, தியானாளுக்கு வெள்ளிக் கோவில்கள் செய்து பிழைத்த தட்டான் தெமேத்திரியுவே குற்றச்சாட்டாக வைக்கிறான். ஆக, பவுல் செய்தியில் தண்ணீர் கலக்கவில்லை. கலகம் வெடித்தது. இரண்டு மணி நேரம் ஜனங்கள் கூச்சலிட்டார்கள். அப்போது கூட்டத்தை அமர்த்திய பட்டணத்துச் சம்பிரதிக்காரன், அதாவது நகர அதிகாரி, என்ன சொன்னான்? "இவர்கள் கோவில் கொள்ளைக்காரருமல்ல, உங்கள் தேவியைத் தூஷிக்கிறவர்களுமல்ல." அவன் விசுவாசி அல்ல, தியானாளுக்காகப் பேசுகிறவன். அத்தனை நாள் பேசியும் பவுலின் கூட்டத்தார்மேல் அவன் ஒரு வசைச்சொல்லைக்கூடச் சுமத்த முடியவில்லை. நம்மை எதிர்க்கிறவர்களில் ஒருவர் எழுந்து நின்று நம்மைப் பற்றி இப்படிச் சாட்சி சொல்வாரா? நம் ஊழியத் தைரியத்தை அளக்க எனக்குத் தெரிந்து இதைவிட நேர்மையான அளவுகோல் இல்லை.

சிலுவையினால் வரும் இடறல் ஒன்று. நம் வாய்த்துடுக்கினால் வரும் இடறல் இன்னொன்று. முதலாவது வந்தால் தாங்கிக்கொள்ளலாம். இரண்டாவதுக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். கிறிஸ்தவனாயிருப்பதினால் பாடுபட்டால் வெட்கப்படாதே என்று எழுதின பேதுரு, அதற்கு முந்தின வசனத்தில் எந்தெந்தக் காரணத்துக்காகப் பாடுபடக் கூடாது என்று ஒரு வரிசை தருகிறார். கொலைபாதகன், திருடன், பொல்லாங்கு செய்தவன் ஆகியோரோடு அவர் சேர்க்கும் நான்காவது ஆள் "அந்நிய காரியங்களில் தலையிட்டுக்கொண்டவன்". கொலைகாரனோடு ஒரே வரிசையில்! இந்த வசனத்தை வைத்து நான் பிரசங்கம் கேட்டதே இல்லை.

எதிர்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே காரணத்துக்காக எதிர்ப்பதில்லை என்பதையும் எங்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். பிலிப்பியில் பவுலையும் சீலாவையும் இழுத்துப்போனவர்கள், குறிசொல்லும் பெண்ணால் வந்த ஆதாயம் போயிற்று என்பதற்காக இழுத்துப்போனார்கள். எபேசுவிலும் முதலில் பற்றி எரிந்தது பிழைப்பு. பக்தி அதன்மேல் போர்த்தப்பட்டது. உயிர்த்தெழுதல் இல்லை என்று சொன்ன யூதப் பிரிவினரான சதுசேயரை எரிச்சல்படுத்தியது உயிர்த்தெழுதலைப் பற்றிய போதகம். ஒரு தாய் எதிர்க்கிறாள் என்றால், பிள்ளை தன்னைவிட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில் எதிர்க்கிறாள். அவளை "எதிரி" என்று ஜெபத்தில் சொல்வது எனக்கு உறுத்துகிறது. இன்னும் சிலர் முன்பு எவரோ ஒருவர் முரட்டுத்தனமாகப் பேசியதன் வடுவோடு இருப்பவர்கள். இவர்கள் எல்லாருக்கும் ஒரே பதில் செல்லாது. தாய்க்குத் தேவைப்படுவது வாதம் அல்ல. தன் பிள்ளை முன்னைவிட அதிகமாகத் தன்னைக் கவனிப்பதை அவள் கண்ணால் பார்க்க வேண்டும்.

அடைத்து வைத்தவர்கள் எல்லாரும் வேற்று மதத்தார் என்றும் நினைக்க வேண்டாம். பிரசங்கியான ஜான் பனியன் 1660இல் பெட்ஃபோர்ட் சிறைக்குப் போனது கிறிஸ்தவ இங்கிலாந்தில். இனிப் பிரசங்கிக்க மாட்டேன் என்று உறுதி கொடுத்தால் வெளியே வந்திருக்கலாம். கொடுக்கவில்லை, ஏறக்குறைய பன்னிரண்டு வருஷம் உள்ளே இருந்தார். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்குவை நான்கு மாதம் சிறைவைத்தது, அவரைப்போலவே ஞானஸ்நானம் பெற்ற டேனிஷ் தளபதி. அதிகாரம், வருமானம், பழக்கம் ஆகியவற்றில் கைவைத்தால் எந்த மதத்தானும் கல்லெடுப்பான். நாமும் எடுத்திருக்கிறோம்.

இனி பயத்தைப் பற்றி. இதில்தான் உங்கள் உதவி எங்களுக்கு அதிகம் தேவை.

பிரசங்கங்களில் வரும் சாட்சிகள் எல்லாம் வீரர்களுடையவை. சிங்கத்தின் வாயைப் பார்த்துச் சிரித்தவர்கள், தீயின் நடுவே பாடியவர்கள். கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறோம், பக்கத்து இருக்கையில் வேலை செய்கிறவர் "ஞாயிற்றுக்கிழமை எங்கே போனீர்கள்?" என்று கேட்டால் "சும்மா வெளியே" என்கிறோம். அந்த வீரர்களுக்கும் நமக்கும் சம்பந்தமில்லை என்று மனது முடிவு கட்டிவிடுகிறது. பவுல் அப்படி எழுதவில்லையே. "நான் பலவீனத்தோடும் பயத்தோடும் மிகுந்த நடுக்கத்தோடும் உங்களிடத்தில் இருந்தேன்" என்று கொரிந்தியருக்கு எழுதுகிறார். அந்தக் கொரிந்துவில்தான் ஆண்டவர் இராத்திரியில் தரிசனமாகி "நீ பயப்படாமல் பேசு, மவுனமாயிராதே" என்றார். பயப்படாத ஆளிடம் இதைச் சொல்லத் தேவையே இல்லை. பிறகு சங்கிலியில் இருந்துகொண்டு எபேசியருக்கு எழுதும்போது தனக்காக என்ன ஜெபிக்கச் சொல்கிறார்? விடுதலைக்காக அல்ல. வாயைத் திறந்து தைரியமாய்ப் பேச வார்த்தை கிடைக்கும்படி. அத்தனை அடியும் கல்லும் பட்ட பிறகும் அவருக்குத் தைரியம் கையிருப்பில் இல்லை. அன்றன்றைக்குக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

ஆகவே, எங்களுக்குப் பயமாக இருக்கிறது என்று சபையில் வெளிப்படையாகச் சொல்ல இடம் கொடுங்கள். வேலை போய்விடும் என்று ஒருவருக்குப் பயம். கேள்வி கேட்டால் பதில் தெரியாதே என்று இன்னொருவருக்கு. சிநேகிதம் முறிந்துவிடும் என்பது பலருக்கு. என் கணிப்பில் நம்மில் பெரும்பாலோர் வாயை மூடிக்கொண்டிருப்பது அடிக்குப் பயந்து அல்ல, மற்றவர் முகம் சுளிப்பதற்குப் பயந்து. அதற்கு "உபத்திரவம்" என்று பெயர் வைப்பதை நிறுத்த வேண்டும். உண்மையிலேயே சிறையில் இருப்பவர்களின் சொல் அது. எடுத்து அலங்காரமாகப் போட்டுக்கொள்ள நமக்கு உரிமையில்லை.

பதில் தெரியாது என்று பயப்படுகிறவர்களுக்கு யோவான் 9ஆம் அதிகாரத்தைப் படித்துக்காட்டுங்கள். பிறவிக் குருடனாயிருந்தவனின் தாய்தகப்பன் ஜெபஆலயத்துக்குப் புறம்பாக்கப்படுவோம் என்று பயந்து, "இவன் வயதுள்ளவனாயிருக்கிறான், இவனைக் கேளுங்கள்" என்று நழுவுகிறார்கள். மகனுக்குப் பரிசேயரின் கேள்விக்குப் பதில் தெரியாது. "நான் குருடனாயிருந்தேன், இப்பொழுது காண்கிறேன், இது ஒன்றுதான் எனக்குத் தெரியும்." தெரியாததைத் தெரியாது என்றும், தெரிந்ததைத் தெரியும் என்றும் சொன்னான். அதற்குமேல் அன்றைக்கு அவனிடம் எதுவும் இல்லை. புறம்பே தள்ளினார்கள். இயேசு அவனைத் தேடிக் கண்டுபிடித்தார்.

தைரியம் என்ற பெயரில் ஆபத்தைத் தேடிப் போவதையும் நம் முன்னோர் மெச்சவில்லை. கி.பி. 155 வாக்கில் சிமிர்னா சபையின் கண்காணி பாலிகார்ப்பு இரத்தசாட்சியாக மரித்ததை அந்தச் சபையாரே ஒரு கடிதமாக எழுதி வைத்திருக்கிறார்கள். அதில் குயிந்து என்று ஒருவன் வருகிறான். பிரிகியாவிலிருந்து வந்தவன், தானாகப் போய்ச் சரணடைந்ததோடு வேறு சிலரையும் கூட்டிக்கொண்டு போனான். காட்டுமிருகங்களைக் கண்டதும் நடுங்கி, மறுதலித்துப் பலியிட்டான். தாமாகப் போய் ஒப்புக்கொடுக்கிறவர்களை நாங்கள் புகழ்வதில்லை, சுவிசேஷம் அப்படிப் போதிக்கவில்லை என்று அந்தச் சபையார் வெளிப்படையாக எழுதுகிறார்கள். பாலிகார்ப்பு அப்படியல்ல. சகோதரர் சொல் கேட்டு ஊரைவிட்டு ஒரு பண்ணைக்குப் போனார், பிறகு இன்னொன்றுக்கு. பிடிபடும் நேரம் வந்தபோது மட்டும் ஓடவில்லை. பிடிக்க வந்தவர்களுக்குச் சாப்பாடு போடச் சொல்லிவிட்டு, ஜெபிக்க அவகாசம் கேட்டார். எண்பத்தாறு வருஷம் கிறிஸ்துவைச் சேவித்த கிழவர் அவர். தமஸ்குவில் பவுலும் கூடையில் இறங்கித் தப்பியிருக்கிறார். "ஒரு பட்டணத்தில் உங்களைத் துன்பப்படுத்தினால் மறு பட்டணத்திற்கு ஓடிப்போங்கள்" என்றதும் ஆண்டவர்தான்.

அப்படியானால் தானாகப் போய் நிற்பது எப்போதுமே தப்பா? கி.பி. 203இல் கார்த்தேஜில் பெர்பேதுவா என்ற இளம்பெண்ணைப் பிடித்தார்கள். வயது இருபத்திரண்டு வாக்கில், கையில் பால்குடிக்கும் குழந்தை. அவளோடு பெலிசித்தா என்ற அடிமைப் பெண்ணும் வேறு சிலரும். இன்னும் ஞானஸ்நானம் பெறாதவர்கள். காவலில் இருக்கும்போதுதான் பெற்றார்கள். அவர்களுக்குப் போதித்தவர் சாத்தூரு. பிடித்த சமயத்தில் அவர் அங்கே இல்லை, தப்பியிருக்கலாம். தானாக வந்து அவர்களோடு சேர்ந்துகொண்டார். தன் வீரத்தை ஊருக்குக் காட்டப் போனவன் குயிந்து. தன் பேச்சைக் கேட்டு விசுவாசித்தவர்களைத் தனியாக விடக் கூடாதென்று போனவர் சாத்தூரு. போதகர்களே, உங்களுக்கு எழுதும் மடலில் இந்த இரண்டாவது பெயரை எழுதாமல் என்னால் முடிக்க முடியாது.

ஏனென்றால் நாம் பேசாத விஷயம் ஒன்று உண்டு. சொன்னவனைவிடக் கேட்டவன்தான் பல சமயம் விலை கொடுக்கிறான். நாம் சாட்சி சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்பி வந்து சாப்பிடுகிறோம். கேட்டு விசுவாசித்த பெண் திரும்பிப் போவது அவளைக் கொல்லும் அளவுக்குக் கோபத்தில் இருக்கும் வீட்டுக்கு. ஒருவனுக்குச் சொத்தில் பங்கு போகும், இன்னொருவனுக்கு நிச்சயித்த கலியாணம் போகும். அப்படிப்பட்டவர்களை மறு வாரமே மேடையில் ஏற்றிச் சாட்சி சொல்ல வைப்பதும், புகைப்படத்தை அறிக்கையில் போடுவதும் ஊழியம் அல்ல. அவர்களுடைய முகம் நம் ஊழியத்தின் விளம்பரத்துக்கு உரியதல்ல. எப்போது, யாரிடம், எப்படிச் சொல்வது என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும். கொஞ்ச நாள் மவுனமாக இருக்க வேண்டியிருந்தால் இருக்கட்டும். அரிமத்தியா யோசேப்பு யூதருக்குப் பயந்து அந்தரங்க சீஷனாயிருந்தவர், கடைசியில் பிலாத்துவிடம் துணிந்து போய்ச் சரீரத்தைக் கேட்டவரும் அவர்தான். வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவருக்கு இராத்தங்க ஓர் இடம், வேலை போனவருக்குச் சில மாதச் சாப்பாடு, வழக்கில் சிக்கியவருக்கு ஒரு வக்கீல் ஆகியவற்றுக்கு நம் சபைக் கணக்கில் ஒதுக்கீடு உண்டா? ஒலிபெருக்கிக்கு உண்டு என்பது எனக்குத் தெரியும்.

வக்கீல் என்றதும் சிலர் முகம் மாறும். கர்த்தர் பார்த்துக்கொள்வார், நீதிமன்றம் எதற்கு என்பார்கள். பிலிப்பியில் அடித்தவர்கள் "சத்தமில்லாமல் போய்விடுங்கள்" என்றபோது பவுல் தம் ரோமக் குடியுரிமையைச் சொல்லி, அதிகாரிகளே வந்து வெளியே விடட்டும் என்று நின்றார். எருசலேமில் வாரினால் கட்டிச் சவுக்கால் அடிக்க ஆயத்தமானபோதும் அதே உரிமையைக் கேட்டார். கடைசியில் இராயனுக்கு அபயமிட்டார், அதாவது பேரரசரிடமே மேல்முறையீடு செய்தார். இதை யாரும் அவிசுவாசம் என்று சொன்னதில்லை. தன் மதத்தை மாற்றிக்கொள்ளவும், தனியாகவும் கூட்டாகவும் அதை வெளிப்படுத்தவும் போதிக்கவும் மனுஷருக்கு உரிமை உண்டு என்று 1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 18ஆம் பிரிவு சொல்கிறது. நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடும். அந்தந்த இடத்துச் சட்டத்தை விசுவாசிகளுக்குத் தெளிவாகச் சொல்லிக்கொடுப்பது மூப்பர்களின் கடமை. ஒன்றை மறக்க வேண்டாம்: அதே 18ஆம் பிரிவு, நம் பேச்சைக் கேட்டு "எனக்கு வேண்டாம்" என்கிறவருக்கும், நம்மைவிட்டு வேறு மதத்துக்குப் போகிறவருக்கும் காவல் நிற்கிறது. நம் பிள்ளை போனாலும் அப்படித்தான். அதை ஏற்காமல் நம் உரிமையை மட்டும் கேட்பது நியாயமில்லை.

ஆசைகாட்டி ஆள் சேர்க்கிறார்கள் என்ற குற்றச்சாட்டுக்கும் நாம் ஒளிவுமறைவில்லாமல் பதில் சொல்ல வேண்டும். இரண்டாம் நூற்றாண்டில், கிறிஸ்தவர்கள் இரகசியமாகக் கூடி நரமாமிசம் தின்கிறார்கள் என்றுகூட வதந்தி இருந்தது. யுஸ்தீன் என்ற விசுவாசி என்ன செய்தார்? பேரரசர் அந்தோனினு பயஸுக்கே ஒரு விளக்கம் எழுதி, ஞாயிற்றுக்கிழமை கூடும்போது என்ன வாசிக்கிறோம், அப்பத்தையும் பாத்திரத்தையும் என்ன செய்கிறோம், சேரும் காணிக்கை யாருக்குப் போகிறது என்று ஒன்றுவிடாமல் சொன்னார். திக்கற்றோர், விதவைகள், நோயாளிகள், சிறையில் இருப்போர், அந்நியர் என்று பட்டியலே போட்டார். நம்மால் அப்படி எழுத முடியுமா? நம் கணக்கைக் கேட்டவர் கையில் கொடுக்க முடியுமா? உதவியை ஒரு கையிலும் ஞானஸ்நானத்தை மறு கையிலும் வைத்துக்கொண்டு பேசுகிறவர் நம்மில் யாராவது இருந்தால், எதிர்க்கிறவர்கள் கண்டுபிடிக்குமுன் நீங்கள் கண்டுபிடித்து நிறுத்துங்கள். படுத்த படுக்கையாயிருக்கிறவரிடம் சுகத்தைப் பேரம் பேசுவதையும், பெற்றோருக்குத் தெரியாமல் சிறுபிள்ளைகளைக் கூட்டிச் செல்வதையும் அப்படியே நிறுத்துங்கள். பிடிபட்ட பிறகு "சுவிசேஷத்துக்காகப் பாடுபடுகிறோம்" என்று ஜெபம் கேட்பதைக் கேட்டால் கூச்சமாக இருக்கிறது.

பயந்து மறுதலித்தவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 250இல் தேசியு பேரரசன் எல்லாரும் பலியிட்டு அதற்குச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று கட்டளையிட்டபோது ஏராளமான விசுவாசிகள் விழுந்துபோனார்கள். பலியிடாமலே பணம் கொடுத்துச் சான்றிதழ் வாங்கியவர்களும் உண்டு. புயல் ஓய்ந்ததும் இவர்களை என்ன செய்வது என்று பெரிய சண்டை. சேர்க்கவே கூடாது என்றது ஒரு சாரார். கார்த்தேஜ் கண்காணி சிப்பிரியான் கதவை முற்றிலும் அடைக்கவும் இல்லை, ஒன்றும் நடக்காததுபோல் விடவும் இல்லை. மனந்திரும்ப வழி வைத்தார், காலம் வைத்தார். அந்தச் சிப்பிரியானே 250இல் ஒளிந்திருந்து சபையை நடத்தியவர், அதற்காக ஏச்சு வாங்கியவர். 258இல் ஒளியாமல் நின்று தலையைக் கொடுத்தார். நம் சபையிலும், கேட்டபோது "நான் அந்தக் கூட்டத்தான் இல்லை" என்று சொல்லிவிட்டு, வெட்கத்தால் வருவதை நிறுத்திவிட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் போங்கள். மூன்று தடவை மறுதலித்தவனைத்தான் ஆண்டவர் மந்தையை மேய்க்க வைத்தார்.

இனி என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். பெரிய திட்டம் எதுவும் என்னிடம் இல்லை. வாரத்தில் ஒரு ஜெபக்கூட்டத்தையாவது அப்போஸ்தலர் 4இன் விண்ணப்பத்துக்கு விட்டுவிடுங்கள். பிரசங்கம் வேண்டாம். வந்தவர்கள் ஒவ்வொருவராக, தாம் பேச வேண்டிய ஒரே ஒரு ஆளை மனதில் வைத்துக்கொண்டு, தங்கள் பயத்தைச் சொல்லி ஜெபிக்கட்டும். அடுத்த வாரம், பேசினவர் என்ன நடந்தது என்று சொல்லட்டும். திட்டு வாங்கினவர் அதையும் சொல்லட்டும். பேசாதவரை யாரும் குத்திக்காட்ட வேண்டாம். நீங்களும் எங்களோடு வட்டத்தில் உட்கார்ந்து, மேடைக்கு வெளியே கடைசியாக யாரிடம் கிறிஸ்துவைப் பற்றிப் பேசினீர்கள் என்று சொல்லுங்கள். எண்ணிக்கை எழுத வேண்டாம். பர்மாவுக்கு 1813இல் போன மிஷனரி அதோனிராம் ஜட்சன் முதல் ஞானஸ்நானம் கொடுக்க 1819 வரை காத்திருந்தார். மாதாந்தர அறிக்கை கேட்கும் குழு எதுவும் அவரைத் தாங்கியிருக்காது.

துன்பப்படுகிறவர்களுக்கான ஒதுக்கீட்டையும், புதிய விசுவாசிகளின் படங்களை வெளியிடக் கூடாது என்ற தீர்மானத்தையும் அடுத்த மூப்பர் கூட்டத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்துக்கொள்ள முடியாது என்றால் காரணத்தைச் சபையின் முன் சொல்லுங்கள். நான் எழுதியதில் பிழை இருந்தால் அதையும் அங்கேயே சொல்லலாம்; நான் வழக்கமாக உட்காரும் இடத்தில்தான் இருப்பேன்.

கிறிஸ்துவுக்குள்,
சபையின் அங்கத்தினன் ஒருவன்